பி.பி. நார்மல், மூச்சும் நாடியும் வேகம்: டாக்டரைக் கூப்பிடணுமா?

கேள்வி: வயிற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள் இரவு. பி.பி. 108/70, மாலையில் 88 இருந்த நாடி இப்போ 112, மூச்சு 24, ஆக்சிஜன் வைக்காமலே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 96%, ஜுரம் இல்லை, நினைவு தெளிவு. டியூட்டி டாக்டரை எழுப்பலாமா, ஒரு மணி நேரம் பார்க்கலாமா?

பதில் 1: உடனே கூப்பிடுங்க. நியூஸ்-2 (நோயாளி நிலை மோசமாகுதான்னு முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் முறை) கணக்கில் மூச்சுக்கு 2, நாடிக்கு 2, பி.பி.க்கு 1, மொத்தம் 5. அஞ்சு வந்தாலே அவசரமா டாக்டர் பார்க்கணும். உள்ளே ரத்தம் கசிந்தாலும் ரத்தக்குழாய்கள் சுருங்கி பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும். அது இறங்கும்வரை காத்திருந்தா நிலைமை கைமீறிடும். மூச்சை முழு நிமிஷம் எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினா, ஒண்ணு தவறினாலே நாலு குறையும்.

பதில் 2: சிறுநீரையும் பாருங்க. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி.யாவது வரணும். குறைஞ்சா முதல்ல கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) டியூப் மடங்கியிருக்கான்னு பாருங்க. டிரெயின்ல (வயிற்றிலிருந்து கசிவை வெளியேற்ற வைத்த குழாய்) ரத்தம் வரலைன்னு நிம்மதி அடையாதீங்க, உறைஞ்சு அடைச்சிருக்கலாம். பீட்டா பிளாக்கர் (நாடித் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுக்கிறவங்களுக்கு நாடி அவ்வளவா ஏறாது, ஸ்கோர் குறைவாவே காட்டும்.

பதில் 3: போன்ல "பேஷன்ட் சரியில்லை டாக்டர்"னு மட்டும் சொல்லாதீங்க. "ஸ்கோர் 5, நாடி 88லிருந்து 112, ரத்தக்கசிவோன்னு சந்தேகம், நேர்ல வந்து பார்க்கணும்"னு சொல்லுங்க. சொன்ன நேரத்தையும் கிடைச்ச பதிலையும் சார்ட்ல எழுதிடுங்க.