ஷினேட் ஓ'கானர்: போப் படத்தைக் கிழித்தவருக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததா?

தெருவிளக்கு:

நேற்று வேறொரு இழையில் ஒருவர் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரைப் பற்றி "போப்பை அவமதித்த நாத்திகப் பாடகி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1992 அக்டோபர் 3, அமெரிக்காவில் 'சாட்டர்டே நைட் லைவ்' நேரலை. பாப் மார்லியின் 'வார்' பாடலை எந்த வாத்தியமும் இல்லாமல் தனிக்குரலில் பாடுகிறார். இனவெறி என்று வரவேண்டிய ஓர் இடத்தில் குழந்தைகள் மீதான வன்கொடுமை என்று மாற்றிப் பாடுகிறார். முடிக்கும்போது, குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைக் கத்தோலிக்கச் சபை மூடிமறைத்ததை எதிர்த்து, அன்றைய போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் கிழித்துப் போடுகிறார். அரங்கத்தில் கைதட்டலே இல்லை. அந்தப் படம் கடையில் வாங்கியதல்ல, அவருடைய அம்மாவின் படுக்கையறைச் சுவரில் தொங்கியது. தன்னைச் சிறுவயதில் அடித்து வதைத்ததாக ஷினேட் கடைசிவரை சொல்லிவந்த அதே அம்மா. 1985-ல் அம்மா கார் விபத்தில் இறந்தபிறகு சுவரிலிருந்து கழற்றி, ஏழு வருடம் போகும் ஊருக்கெல்லாம் கூடவே எடுத்துப்போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததையும் பாருங்கள். 1999-ல் ரோமை ஏற்காத ஒரு தனி ஆயரிடம் குருப்பட்டம் பெற்றுக் கழுத்தில் வெள்ளைக் காலர் அணிந்தார். 2007-ல் 'தியாலஜி' என்று ஓர் ஆல்பம், பெரும்பாலும் பைபிளின் சங்கீதங்களும் தீர்க்கதரிசிகளும்தான். 2018-ல் இஸ்லாத்துக்குப் போனார். நாத்திகர் யாராவது உட்கார்ந்து சங்கீதம் 130-க்கு மெட்டுப் போடுவார்களா? கடவுளை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அந்தப் பெண்ணால் சபையை எதிர்க்க முடிந்தது என்பது என் கட்சி. கோயிலும் குருவும் இல்லாமலே ஒருவருடைய விசுவாசம் முழுசாக இருக்க முடியும்.

பங்குப்பிள்ளை:

நாத்திகர் என்று சொன்னது தவறுதான், அதில் உங்களோடு வாதமில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தை ஒத்துக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டிலும் அந்தப் போப்பின் படம் இருந்தது. ஆச்சி தினமும் அதன்கீழ் நின்றுதான் செபமாலை சொல்வாள். அவள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்தவளில்லை. அந்தப் படம் கிழிவதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஆச்சி முகம்தான் வந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அப்புறம் நீங்கள் சொன்ன சங்கீதம் 130, நாங்கள் திருப்பாடல் 130 என்போம். "ஆழத்திலிருந்து கூப்பிடுகிறேன்" என்கிற அந்தப் பாட்டைக் கத்தோலிக்கர் நூற்றாண்டுக் கணக்காக இறந்தவர்களுக்காகச் சொல்லிவருகிறார்கள். மடங்களில் உட்கார்ந்து கையால் எழுதிக் காப்பாற்றி, ராகம் போட்டுப் பாடி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது யார்? அதே நிறுவனம்தான். தனிமனித விசுவாசம் என்கிறீர்களே, அந்தத் தனிமனிதர் வாயில் இருக்கிற சொல்லே சபை கொடுத்ததுதானே. அவரே குருப்பட்டம் வாங்கத்தானே போனார்? தனியாக இருப்பது போதும் என்றால் ஒரு ஆயர் தலையில் கைவைக்கவேண்டிய அவசியம் என்ன?

லிஃபிக்கரை:

நான் டப்ளினில் பதினோரு வருடமாக நர்ஸ். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

ஷினேட் பதின்ம வயதில் பதினெட்டு மாதம் 'அன் கிரீனான்' என்கிற, கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் இருந்தார். திருட்டுப் பழக்கத்துக்காக அனுப்பப்பட்டவர். டப்ளினின் டிரம்கோண்ட்ரா பகுதியில் ஹை பார்க் மடத்து வளாகத்துக்குள் இருந்த இடம் அது. அதே வளாகத்தில்தான் மக்தலீன் சலவைக்கூடம் ஒன்றும் ஓடியது, கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் என்று கொண்டுபோய் விட்ட பெண்கள் சம்பளமே இல்லாமல் துணி துவைத்தார்கள். ஒருதடவை தப்பி ஓடிப் பிடிபட்டதற்குத் தண்டனையாக, சாகக் கிடந்த வயதான பெண்கள் இருந்த அறையில் ஷினேட்டைப் படுக்கவைத்தார்கள். ராத்திரி முழுக்க அவர்கள் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். நானும் ராத்திரி டியூட்டி பார்க்கிறவள், அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று தெரியும்.

1993-ல் மடத்தார் நிலத்தை விற்றபோது அங்கே புதைத்திருந்த பெண்களைத் தோண்டி எடுத்தார்கள். 133 பேருக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள், தோண்டியபோது இன்னும் 22 பேர் இருந்தார்கள். பலருக்கு மரணச் சான்றிதழே இல்லை. எரித்து கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகப் புதைத்துவிட்டார்கள். படம் கிழிந்ததற்கு அடுத்த வருடம் இது.

என்னிடம் ஒரு பாட்டி இருந்தார். சலவைக்குப் போகிற துணியைக்கூட விளிம்போடு விளிம்பு பொருத்தி மடித்துத்தான் தருவார். எதற்கு அழுக்குத் துணியை மடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கை பழகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

தெருவிளக்கு:

@லிஃபிக்கரை, இதை எழுதியதற்கு நன்றி அக்கா.

@பங்குப்பிள்ளை, உங்கள் ஆச்சியை நினைத்து நீங்கள் வருந்துவது புரிகிறது. ஆனால் அந்த வாரம் நடந்ததை யோசியுங்கள். அடுத்த வாரமே அதே மேடையில் நடிகர் ஜோ பெஷி ஒட்டவைத்த படத்தைக் காட்டி, நான் இருந்திருந்தால் அறைந்திருப்பேன் என்றார், அரங்கமே கைதட்டியது. 25 வயதுப் பெண்ணை அறைவேன் என்றதற்குக் கைதட்டல். நியூயார்க்கில் அவருடைய இசைத்தட்டுகளை ரோட் ரோலர் விட்டு நசுக்கினார்கள். குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று அன்று எத்தனை பேர் கேட்டார்கள்? 1994-ல், குழந்தைகளைச் சீரழித்த பிரெண்டன் ஸ்மித் என்கிற குருவானவரின் வழக்கில் அயர்லாந்து அரசாங்கமே கவிழ்ந்தது. 2009-ல், சபை நடத்திய இல்லங்களில் குழந்தைகளுக்கு நடந்ததைப் பற்றிய ரையன் அறிக்கை, டப்ளின் மறைமாவட்டம் மூடிமறைத்ததைப் பற்றிய மர்ஃபி அறிக்கை இரண்டும் வந்தபோது, ஷினேட் சொன்னதைவிட மோசமாக இருந்தது. விசுவாசம் வைத்திருந்த ஒரு தனி ஆள் பார்த்ததை, ஆயிரமாயிரம் பேர் கொண்ட அமைப்பு பார்க்கவில்லை. பார்த்தும் பெட்டியில் வைத்துப் பூட்டியது.

பங்குப்பிள்ளை:

அந்த அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். ரையன் அறிக்கையில் ஒவ்வொரு பள்ளியாக வரும். சில பக்கங்களுக்குமேல் போக முடியாமல் மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தேன். ஆயர்கள் செய்தது பாவம், குற்றமும்கூட. இதில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனாலும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஷினேட்டுக்கு முதல் கிட்டார் வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? அதே அன் கிரீனானில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி. இன்னொன்று, U2 இசைக்குழுவின் பாடகர் போனோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் டப்ளின்காரர், அப்பா கத்தோலிக்கர், அம்மா அயர்லாந்து திருச்சபை என்கிற புராட்டஸ்டன்ட் சபை. அம்மா பிள்ளைகளைக் கோயிலுக்குள் கூட்டிப்போக அப்பா வெளியே காத்திருப்பாராம். ஷாலோம் என்ற செபக் குழுவில் சேர்ந்தார், ராக் இசையா கர்த்தரா என்று கேட்கும் நிலை வந்ததும் விலகினார். சரி, உங்கள் கட்சிக்கு நல்ல உதாரணம். ஆனால் ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யச் சொல்லி 1998 மே மாதம் பர்மிங்காமில் சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றார்களே, அது ஜூபிலி 2000 இயக்கம். அந்தப் பெயரே பைபிளின் லேவியர் புத்தகத்திலிருந்து வந்தது, ஆட்களில் பெரும்பகுதி கோயில்களிலிருந்தும் சபைகளின் உதவி அமைப்புகளிலிருந்தும் வந்தார்கள். போனோ அதற்குப் பிறகுதான் அந்த இயக்கத்தின் முகமானார். ஒருவர் தனியாக நம்பலாம், 70,000 பேரைத் தனியாக நிறுத்த முடியாது.

காயல்காற்று:

இரண்டு பேரும் அவருடைய கடைசி ஐந்து வருடத்தைத் தொடாமலே போகிறீர்கள். முஸ்லிமான பிறகு ஷுஹதா சதகத் என்று பெயர் வைத்துக்கொண்டவர் அவர், மேடைக்கு மட்டும் பழைய பெயர்.

இஸ்லாத்தில் குருப்பட்டம் கிடையாது, பாவமன்னிப்புக்கு இடையில் ஓர் ஆள் தேவையில்லை, நம்பிக் கலிமா என்கிற உறுதிமொழியைச் சொல்லிவிட்டால் முஸ்லிம். குருமாரால் நொந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் @தெருவிளக்கு, ஒன்றை நீங்களும் ஏற்கவேண்டும். இறந்தவருக்கான ஜனாசா தொழுகை ஊரின் மேல் இருக்கிற கடமை. சிலராவது தொழுதாக வேண்டும், ஒருத்தரும் தொழாவிட்டால் குற்றம் எல்லோர் மேலும். மய்யித்து, அதாவது இறந்தவர், தனக்குத்தானே தொழ முடியாது அல்லவா. 2023 ஆகஸ்ட் 8 அன்று அவரை அடக்கம் செய்தபோது பிரார்த்தனையை நடத்தியது ஓர் இமாம்தான்.

தெருவிளக்கு:

ஏற்கிறேன். கூட்டமாகக் கும்பிடுவதை நான் எதிர்க்கவில்லை. வெளியே போகிற கதவைப் பூட்டி வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். கிட்டாரைப் பற்றி மட்டும்: அதை வாங்கிக் கொடுத்தது ஒரு பெண்ணின் மனசு, சபையின் கொள்கை அல்ல.

பங்குப்பிள்ளை:

அந்தப் பெண் ஏன் அங்கே இருந்தாள் தம்பி? கடவுளுக்காக ஒரு சபையில் சேர்ந்ததால். சாகக் கிடந்தவர்களின் அறையில் பிள்ளையைப் படுக்கவைத்ததும் சபை என்றால், கிட்டார் கொடுத்ததும் சபைதான். ஒன்றை மட்டும் கணக்கில் எழுத நான் விடமாட்டேன்.

லிஃபிக்கரை:

இறுதி ஊர்வலத்தன்று எனக்கு லீவு, டப்ளினுக்குப் பக்கத்து ஊரான பிரேயின் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தேன். அவர் முன்பு வாழ்ந்த வீட்டு வாசல் முழுக்கப் பூவும் கையெழுத்துக் காகிதங்களும். முன்னால் ஒரு பழைய வோக்ஸ்வேகன் வேன் பாப் மார்லி பாட்டைப் போட்டுக்கொண்டே வந்தது, பின்னால் சவவண்டி நடை வேகத்தில். ஜனங்கள் கைதட்டினார்கள், 1992-ல் கிடைக்காத கைதட்டல் என்று நினைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் எண்பது வயதுக்குக் குறையாத ஓர் ஐரிஷ் அம்மா, கையில் ஒரே ஒரு பூ. வண்டி நெருங்கியதும் கண்ணாடிமேல் அதை வைத்தார், ஓரடி பின்னால் வந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், வண்டி திருப்பத்தில் மறையும்வரை கையை இறக்கவே இல்லை.