துறைமுகத்துச் சிப்பிகள் பற்றிய 1954 கட்டுரை கிடைத்த கதை

எண்ணூர் கழிமுகத்தில் காக்கா ஆழி பரவியது இங்கே பலருக்கும் தெரிந்த சங்கதி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி அது. கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் ஆடாமல் இருக்க ஏற்றிவரும் தண்ணீரிலோ வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆற்றுச் சேற்றின் மேல் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு, இறால் புதையும் இடத்தை மூடிவிடுகிறது. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்களுக்கு விரலெல்லாம் கீறல்.

என் சித்தப்பா எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் பிறந்து, அதே ஆற்றில் தொழில் செய்கிறவர். இந்தச் சிப்பி முன்பே இருந்ததுதானே என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்களாம். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. "நாப்பது வருசமா இதே தண்ணில நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? எழுத்துல எதுனா இருந்தா தேடிக் குடுப்பா" என்றார். அப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

துறைமுகச் சுவரிலும் மரத்திலும் படகின் அடியிலும் எது ஒட்டுகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதையெல்லாம் நம்மூர் விலங்கியல்காரர்கள் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். எம். டி. பால் 1942-இல் மெட்ராஸ் துறைமுகத்தைப் பற்றி நீளமான ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அது சுலபமாகக் கிடைத்துவிட்டது. சி. வி. ராமன் 1934-இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி, அந்தக் கட்டுரை வந்த இதழ் உட்படத் தன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே இறக்கிப் படித்தேன்.

சிக்கல் அடுத்ததில்தான். ஏ. டேனியல் 1954-இல் எழுதியது. மெட்ராஸ் துறைமுக நீரில் ஒட்டி வாழும் உயிர்கள் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன, எது முதலில் குடியேறுகிறது, அதன் மேல் எது வருகிறது என்பது பொருள். எனக்கு வேண்டியது அதுதான். நம் கடற்கரையில் இந்தத் துறையில் வேலை செய்த பலரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இணையத்தில் எங்கே தட்டினாலும் தலைப்புதான் வருகிறது, கட்டுரை வருவதில்லை.

மெட்ராஸ் பல்கலைக்கழக ஜர்னல், 24-ஆம் தொகுதி, பக்கம் 189 முதல் 212. இந்தக் குறிப்பையே ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். சிலர் 24 என்று நிறுத்திவிட்டார்கள், சிலர் 24 பி என்று போட்டிருந்தார்கள். அந்த 'பி' இல்லாமல் போனால் வேலை நடக்காது. அந்த ஜர்னலில் ஏ பிரிவு கலைப் பாடங்களுக்கு, பி பிரிவு கணிதத்துக்கும் அறிவியலுக்கும். வெறுமனே 24 என்று கேட்டால் வரலாற்றுக் கட்டுரைகள் உள்ள தொகுதியைத்தான் எடுத்து வந்து வைப்பார்கள். பழைய கட்டுரை தேடுகிறவர்கள் ஒரே மேற்கோளை நம்பாமல், வேறு வேறு ஆட்கள் எழுதிய நாலைந்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுரையைப் பார்க்காமலே அடுத்தவர் குறிப்பை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

உயிரினப் பெயரை வைத்துத் தேடுவதாக இருந்தால் அந்தக் காலத்துப் பெயரும் தெரிய வேண்டும். நாம் சாப்பிடும் பச்சை ஆளி இன்று பெர்னா விரிடிஸ். பழைய கட்டுரைகளில் மைட்டிலஸ் விரிடிஸ். படகடியில் ஒட்டும் பலானஸ் வகைகளில் சில இப்போது ஆம்ஃபிபலானஸ் ஆகிவிட்டன. காக்கா ஆழியே முன்பு மைட்டெல்லா சருவானா, இப்போது மைட்டெல்லா ஸ்டிரிகாட்டா. புதுப் பெயரை மட்டும் தட்டினால் பழைய கட்டுரைகள் கண்ணில் படாது.

ஒரு பெரிய நூலகத்தில் 23-உம் 25-உம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவில் இருக்க வேண்டியது இல்லை. பைண்டிங்குக்குப் போனது திரும்பவில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் நுழைய அனுமதிக் கடிதம் கேட்டார்கள். ஆய்வு மாணவனாக இல்லாதவனுக்கு யார் கடிதம் கொடுப்பது?

கடைசியில் வழி காட்டியவர் எனக்குக் கல்லூரியில் விலங்கியல் எடுத்த மேடம். ஓய்வு பெற்று இப்போது பெரம்பூரில் இருக்கிறார். "தொகுதியைத் தேடாதேப்பா, ரீபிரிண்ட்டைத் தேடு" என்றார். அந்தக் காலத்தில் கட்டுரை அச்சானதும் அதை மட்டும் தனிப் பிரதிகளாக ஆசிரியருக்குக் கொடுப்பார்களாம். அவர் அதைத் தெரிந்த பேராசிரியர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவார். ஜெராக்ஸ் பரவலாக வருவதற்கு முன்பு ஆராய்ச்சி கைமாறியது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் பழைய விலங்கியல் துறைகளில் நூலகப் பதிவேட்டில் ஏறாத ரீபிரிண்ட் கட்டுகள் இன்னும் கிடக்கும்.

அவரே போன் போட்டுச் சொல்லி ஒரு பழைய கல்லூரிக்கு அனுப்பினார். லேப் அட்டெண்டர் அண்ணன் அலமாரியைத் திறந்தார். "தூக்கிப் போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல" என்றபடி சணல் கயிறு கட்டிய கட்டுகளை இறக்கினார். மேலே இருந்தவை ராமபாணப் பூச்சி தின்று ஓட்டையாகியிருந்தன. கடல் உயிரிகள் என்று எழுதிய கட்டின் நடுவில் மெலிசான ஒரு புத்தகம். முதல் பக்கத்திலேயே எண் 189. தாள்களைக் கோத்திருந்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து அதன் பழுப்பு நாலைந்து பக்கம் ஊறியிருந்தது. யாரோ பென்சிலால் ஓரமெல்லாம் கோடு போட்டுப் படித்திருக்கிறார்கள். பக்கங்கள் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஓரத்தில் ஸ்லைடு பெட்டியை வைத்து, அண்ணன் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

காக்கா ஆழி அதில் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரை துறைமுகத்தைப் பற்றியது, கழிமுகத்தைப் பற்றியது அல்ல. அதுவும் 1964-இல் திறந்த ஜவஹர் டாக், அதற்குப் பின் வந்த பாரதி டாக் இரண்டும் இல்லாத துறைமுகம். பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

அதனால் அருங்காட்சியகப் புல்லட்டினையும் பார்த்தேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி, மெட்ராஸ் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பிகளை 1941-இலும் 1942-இலும் இரண்டு பகுதிகளாகப் பட்டியல் போட்டவர். இரட்டை ஓட்டுச் சிப்பிகள் முதல் பகுதியில் இருக்கின்றன. அதிலும் இந்தச் சிப்பி இல்லை.

பட்டியலில் இல்லை என்பதே முழு நிரூபணம் ஆகாது. ஆனால் தண்ணீரில் நிற்கிறவர்கள் சொல்வதும் இந்த இரண்டும் ஒரே பக்கம் நிற்கும்போது, "எப்போதும் இருந்ததுதான்" என்று சொல்கிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். சித்தப்பாவுக்கு வேண்டிய பக்கங்களைப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறார்.

இப்போது மெட்ராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் காலத்து மெட்ராஸ் பிஷரீஸ் புல்லட்டின்களைத் தேடுகிறேன். எண்ணூர், பழவேற்காடு சிப்பிகளைப் பற்றி அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் யார் வீட்டிலாவது, பள்ளி கல்லூரி அலமாரியிலாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். வந்து படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், புத்தகம் உங்களிடமே இருக்கட்டும்.