குழிப்பொறியில் வண்டுகள் குறையவில்லை என்றால், மண்ணிலுள்ள ஈயமும் காட்மியமும் அவற்றைப் பாதிக்கவில்லை என்று கொள்ளலாமா?

கேள்வி: தும்பி

அனைவருக்கும் வணக்கம். நான் விலங்கியல் முதுகலை மாணவி. மூடப்பட்டுப் பல ஆண்டுகளான ஓர் உலோக முலாம் பூசும் பட்டறையின் பின்புற நிலத்திலும், அதிலிருந்து தள்ளியிருக்கும் மாசற்ற ஒரு நிலத்திலும், விளிம்பு மண்மட்டத்தோடு பொருந்தும்படி கோப்பைகளைக் குழிப்பொறிகளாகப் புதைத்து, அவற்றில் விழும் பூச்சிகளை வாரந்தோறும் எண்ணி வருகிறேன். பட்டறை நிலத்து மண்ணில் ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகிய மூன்றும் மற்ற நிலத்தைவிடப் பல மடங்கு மிகுதி என ஆய்வகம் தெரிவித்திருக்கிறது. ஆனாலும் தரை வண்டுகளின் எண்ணிக்கை இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது. எறும்புகள் மட்டும் பட்டறைப் பக்கம் குறைவு. அங்கே இலைச்சருகும் மக்காமல் தடித்த அடுக்காகக் கிடக்கிறது.

வண்டுகளே என் ஆய்வின் பொருள் என்பதால், பாதிப்பு இல்லை என்று எழுதி முடித்துவிடலாம் எனத் துறையில் ஒருவர் சொல்கிறார். என் மனம் அதை ஏற்க மறுக்கிறது. ஆனால் மறுப்பதற்கான காரணத்தை என்னால் தெளிவாக எடுத்துரைக்க இயலவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சருகுப்படுகை

வணக்கம் தும்பி. தங்கள் ஐயம் நியாயமானது. அவசரப்பட்டு எதையும் எழுதிவிடாதீர்கள்.

குழிப்பொறி நிலத்தில் எத்தனை வண்டுகள் உள்ளன என்பதை நேரடியாக எண்ணித் தருவதில்லை. எத்தனை வண்டுகள் எவ்வளவு தூரம் நடந்தன என்பதன் கூட்டு விளைவையே அது காட்டுகிறது. வயிறு நிறைந்த வண்டு ஓரிடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். இரை கிடைக்காத வண்டு இரவெல்லாம் அலைந்து, அதனாலேயே கோப்பையில் விழும் வாய்ப்பு கூடும். ஆகவே மாசடைந்த நிலத்தில் வண்டுகள் குறைந்து, மீந்தவை மிகுதியாக அலைந்தாலும், தங்களுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை மாறாமல் இருக்கக்கூடும். அக்கம்பக்கத்திலிருந்து நடந்தோ பறந்தோ வந்து சேரும் முதிர்ந்த வண்டுகளும் அதே கோப்பைகளில்தான் விழுகின்றன. அவை அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவை என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. உண்மையான சோதனைக்கு உள்ளாவது முட்டையும் புழுப்பருவமும்தான். மென்மையான உடலோடு மண்ணுக்குள்ளேயே வளரும் புழுவால் முதிர்ந்த வண்டைப் போல வேறிடம் தேடிப் போக முடியாது.

அடுத்தது உடலுக்குள் நடப்பது. துத்தநாகமும் செம்பும் சிறிதளவில் உயிருக்குத் தேவையானவை. காட்மியத்தாலும் ஈயத்தாலும் பூச்சிக்கு எந்தப் பயனும் இல்லை. காட்மியம் கால்சியம் செல்லும் வழியாக உயிரணுவுக்குள் நுழைந்து, துத்தநாகம் அமர வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்கிறது; புரதங்களிலுள்ள கந்தக முனைகளோடு இறுகப் பிணைந்து அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. தரை வண்டுகள் இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கின்றன: உலோகத்தை நடுக்குடலின் உயிரணுக்களில் தடுத்து நிறுத்தி, அந்த உயிரணுக்களையே உதிர்த்துக் கழிவோடு வெளியேற்றிவிடுகின்றன. உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல நஞ்சு பெருகும் என்று நாம் படித்தது மெத்தில் மெர்குரி என்னும் பாதரசச் சேர்மம் போன்றவற்றுக்குப் பொருந்தும்; ஆனால் நிலத்துச் சிற்றுயிர்களில் காட்மியமும் ஈயமும் எவ்வளவு சேரும் என்பதைப் பெரும்பாலும் அந்தந்த உயிரினத்தின் குடலே தீர்மானிக்கிறது. அதனால்தான் இரை தின்னும் தரை வண்டின் உடலில் உலோகம் குறைவாகவும், நண்டு, இறால் ஆகியவற்றின் உறவான, சருகு தின்னும் உட்லவுஸின் உடலில் மிக அதிகமாகவும் காணப்படுகிறது.

ஆனால் இந்த வெளியேற்றம் இலவசமாக நடப்பதில்லை. குடலைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவும், உலோகத்தைப் பிடித்துவைக்கும் பிணைப்புப் புரதங்களை உருவாக்கவும் செலவாகும் ஆற்றல், வளர்ச்சிக்கும் முட்டைக்கும் கொழுப்புச் சேமிப்புக்கும் போயிருக்க வேண்டியது. போலந்தின் ஓல்குஷ் அருகிலுள்ள துத்தநாக, ஈய உருக்காலையைச் சுற்றி டெரோஸ்டிகஸ் அப்லாங்கோபங்க்டேட்டஸ் என்னும் தரை வண்டை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவுகள் இதைத்தான் காட்டின. மிகவும் மாசடைந்த இடங்களில் அந்த வண்டு உயிரோடுதான் இருந்தது. ஆனால் அவற்றைப் பட்டினி போட்டபோதும், டைமெத்தோவேட் பூச்சிக்கொல்லிக்கு உட்படுத்தியபோதும், தூய இடத்து வண்டுகளைவிட விரைவில் மடிந்தன. இந்தப் பலவீனம் கோப்பையில் விழுந்த வண்டை எண்ணுவதால் தெரியவராது.

மறுமொழி 2: ஈரமண்

நண்பர் சருகுப்படுகை சொன்னதோடு மண்ணைப் பற்றியும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஆய்வகம் தங்களுக்குத் தந்தது மொத்த அளவா, கரைந்து வெளிவரக்கூடிய அளவா என்பதை முதலில் கேட்டறியுங்கள். மண்ணை வீரியமிக்க அமிலத்தில் கொதிக்கவைத்தால் துகள்களோடு பிணைந்து கிடக்கும் உலோகத்தில் பெரும்பகுதி வெளிவந்துவிடும். உயிர்களை எட்டும் பங்கு அதில் ஒரு பகுதியே. 0.01 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலால் பிரித்தெடுத்து அளப்பது அதற்கு நெருக்கமான மதிப்பைத் தரும். மண்ணின் பி.எச். குறையக் குறைய, அதாவது அமிலத்தன்மை கூடக் கூட, உலோகங்கள் எளிதில் விடுபடுகின்றன. களிமண்ணும் மக்கிய பொருளும் அவற்றைப் பிடித்துவைக்கின்றன. பொதுவாக ஈயம் இறுகிப் பிணைந்திருக்கும், காட்மியம் எளிதில் நகரும். எனவே இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

இன்னொன்று: தாங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட மக்காத சருகுதான் இந்தக் கேள்வியிலேயே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றியது. இங்கிலாந்தின் பிரிஸ்டலை அடுத்த ஏவன்மவுத் உருக்காலையின் சுற்றுவட்டாரக் காடுகளிலும் சருகு இப்படித்தான் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடந்தது. சருகைக் கடித்துத் துண்டாக்கும் சிற்றுயிர்களும் அதைச் சிதைக்கும் பூஞ்சைகளும் தளர்ந்துபோவதன் அடையாளம் அது. அந்த ஆலை 2003இல் மூடப்பட்டது. மண்ணில் படிந்த உலோகமோ சிதைந்து மறையும் பொருளன்று. தங்கள் பட்டறை மூடியும் பல ஆண்டுகள் ஆயின என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மறுமொழி 3: நுண்ணோக்கி

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். சில இனங்கள் மெய்யாகவே தகவமைந்துவிடுகின்றன. ஆர்கெசெல்லா சிங்க்டா என்னும் ஸ்பிரிங்டெயில் (சருகிலும் மண்ணிலும் வாழும் மிகச் சிறிய ஆறுகால் உயிர்) ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் குடலின் உட்படலத்தையும் அதில் தேங்கிய உலோகத்தையும் சேர்த்தே கழித்துவிடுகிறது. பழைய சுரங்கப் பகுதிகளில் வாழும் அதன் கூட்டங்களில், காட்மியத்தைப் பிணைக்கும் மெட்டலோதயோனின் புரதத்துக்கான மரபணு கூடுதலாகச் செயல்படுவது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே தங்கள் நிலத்து வண்டினம் ஒன்று உண்மையாகவே தாக்குப்பிடித்திருக்கவும் கூடும். அதை முன்கூட்டியே மறுத்துவிடக் கூடாது; இனவாரியாகப் பிரித்து எண்ணினால் மட்டுமே அது தெரியும். மொத்தத் தொகை ஒன்றாக இருந்து, பத்து இனங்களின் இடத்தை இரண்டே இனங்கள் நிரப்பியிருந்தால், அது பாதிப்பு இல்லாத நிலம் ஆகாது.

எறும்புகளின் நிலை வேறு. புற்று ஓரிடத்தில் நிலைத்திருப்பதால், வேலைக்கார எறும்புகள் கொண்டுவரும் உணவோடு உலோகமும் அரசிக்கும் இளம்புழுக்களுக்கும் ஆண்டுக்கணக்கில் போய்ச் சேர்கிறது. பின்லாந்தில் ஃபார்மிகா அக்விலோனியா என்னும் காட்டெறும்பின் உடலில் மெல்லிய நைலான் இழையைச் செருகி, அந்நியப் பொருளை உடல் எவ்வளவு விரைவாக மூடிக்கொள்கிறது என்று பார்த்தார்கள். உலோகம் நடுத்தர அளவில் இருந்தபோது அந்த எதிர்ப்புத்திறன் கூடியும், மிகுந்த அளவில் குறைந்தும் காணப்பட்டது. இரண்டே இடங்களை மட்டும் ஒப்பிடும் ஆய்வில் இப்படிப்பட்ட வளைகோடு கண்ணில் படவே படாது. பட்டறையிலிருந்து விலகிச் செல்லும் வரிசையில் நான்கைந்து இடங்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

தும்பி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டுகளைப் பிடித்த தேதிவாரியாகக் குப்பிகளில் பாதுகாத்து வைத்திருப்பதால், இனவாரியாகப் பிரிப்பதும் உடல் அளவை ஒப்பிடுவதும் இயலும். கூடுதல் இடங்களையும் தேர்ந்துவிட்டேன். சருகு மக்கும் வேகத்தை வலைப்பைகளால் அளக்க எண்ணுகிறேன். அந்தந்த இடத்துச் சருகையே பைகளில் இடலாமா?

சருகுப்படுகை

வேண்டாம். பட்டறை நிலத்துச் சருகிலேயே உலோகம் ஏறியிருக்கும் என்பதால், மக்காததற்குக் காரணம் சருகா, மண்ணில் உயிர்கள் குறைந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். தூய இடத்தில் ஒரே மரத்தின் கீழ் சேர்த்து உலர்த்திய சருகை எல்லா இடங்களுக்கும் சம எடையாகப் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் அகன்ற கண்ணுள்ள வலைப்பை, பூச்சிகள் நுழைய முடியாத நுண்கண் வலைப்பை என இரு வகையும் வையுங்கள். இரண்டின் எடை இழப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சருகு தின்னும் சிற்றுயிர்களின் பங்கு அந்தந்த இடத்தில் எவ்வளவு என்பதைக் காட்டும்.