காலிமேஷன்: நூல்பிடித்தலா, அச்சிணக்கமா?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி வானியல் மன்றங்களுக்கான தொலைநோக்கிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கருவி நியூட்டன் வகை, அதாவது ஆடியால் ஒளியைக் குவிப்பது. ஆடியின் விட்டம் 150 மி.மீ., குவியத் தொலைவு 750 மி.மீ., டாப்சன் தாங்கி (மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கி). முதன்மை ஆடி, துணை ஆடி, கண்ணருகு வில்லை, தேடுநோக்கி ஆகிய சொற்கள் எல்லாம் முடிவாகிவிட்டன. காலிமேஷன் (collimation), அதாவது ஆடிகளின் ஒளியச்சுகளை ஒன்றோடொன்று பொருத்தும் வேலை, அந்த ஒன்றுக்குத்தான் சொல் பாக்கி. ஓர் அத்தியாயத்தின் தலைப்பே அதுதான். பெயராகவும் வினையாகவும் வருவதால் இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு 'இணையாக்கல்' என்று எழுதியிருக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியர்:

இணையாக்கல் வேண்டவே வேண்டாம். மேல்நிலை ஆய்வகத்தில் நிறமாலைமானியின் ஒரு குழலுக்கு 'இணையாக்கி' என்று பெயர். பிளவிலிருந்து விரியும் ஒளியை அது இணைக்கற்றையாக்குகிறது. விண்மீன் ஒளியோ இணையாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. அதை இன்னும் என்ன இணையாக்குவது? நாம் செய்வது வேறு வேலை. கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டு, நடுவில் 2 மி.மீ. துளையிட்ட மூடியை அங்கே பொருத்திப் பார்க்கிறோம். துணை ஆடி குவியக் குழலுக்கு (கண்ணருகு வில்லையைத் தாங்கும் குழல்) நேர் கீழே வட்டமாகத் தெரிய வேண்டும். பிறகு அதன் மூன்று சாய்வுத் திருகுகளைத் திருப்பி, முதன்மை ஆடியின் விளிம்புக் கவ்விகள் மூன்றும் தெரியும்படி செய்கிறோம். கடைசியில் குழலின் அடியிலுள்ள திருகுகளால் முதன்மை ஆடியைச் சாய்த்து, அதன் மையக் குறியை மூடித் துளையின் பிம்பத்தோடு சேர்க்கிறோம். இது 'ஒளியச்சு நேராக்கம்'. வினை: நேராக்கு.

ஆடி தேய்க்கும் நண்பர்:

ஆசிரியர் ஐயாவின் படிகள் சரி. ஒன்று சேர்க்க வேண்டும்: துணை ஆடியின் நடுத் திருகைத் தொடுமுன் குழலைப் படுக்கை வாட்டில் வைக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்த குழலில் அது கழன்றால் துணை ஆடி நேரே முதன்மை ஆடியின் மேல் விழும்.

சொல்லுக்கு வருகிறேன். இலத்தீனில் மூலச் சொல் 'கோலினேயாரே'. ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் நூலில் அதைப் பிழையாகப் படித்ததால்தான் 'கோலிமாரே' பிறந்தது. 'லீனேயா' என்றால் கோடு. அதற்கும் முன் ஆளிநார் நூல். ஆக, நூலோடு சேர்த்தல். நம் கொத்தனாரும் தச்சரும் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்: நூல்பிடித்தல். நன்னூல் பாயிரத்தில் மரத்தின் கனக்கோட்டம், அதாவது வளைவு, தீர்ப்பதும் நூல்தான். 'நூல்பிடித்தல்' என்றே வையுங்கள். உயர்நடை வேண்டுமென்றால் 'கோட்டந்தீர்த்தல்'.

சொல்லாய்வு அன்பர்:

'கோலினேயாரே' என்பதில் நம் கோல் இருப்பதை யாரும் கவனிக்கவில்லையா? கோல் நேரானது, செங்கோல் கோணாதது. 'கோல்நேர்' என்று அப்படியே மீட்டெடுக்கலாம்.

இயற்பியல் ஆசிரியர்:

மன்னிக்கவும், அது முன்னொட்டு. 'கோ' தனி, 'லீனேயா' தனி. ஒலி ஒத்துப்போவது வேர் ஆகாது. கையேட்டில் அச்சேறினால் மாணவர்கள் அதை உண்மையென்றே நம்புவார்கள்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:

'நேராக்கம்' புதியவரைக் குழப்பும். நியூட்டன் கருவியில் பிம்பம் தலைகீழாகத்தான் தெரியும். பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வியே 'நிலா ஏன் கவிழ்ந்து கிடக்கு' என்பதுதான். பாடநூலில் நிமிர்ந்த பிம்பத்துக்கு 'நேரான பிம்பம்' என்று படித்த பிள்ளை, 'நேராக்கு' என்ற அத்தியாயத்தைக் கண்டதும் திருகைத் திருப்பினால் நிலா நிமிரும் என்றுதான் எண்ணும். 'கோட்டம்' எங்களுக்கு இன்னும் சிக்கல். ஒளி விளிம்பில் வளைவதை இங்கே 'கோணல்' என்கிறோம். நீங்கள் 'விளிம்பு விளைவு' என்கிறீர்கள். விண்மீன் சோதனையில், அதாவது விண்மீனைச் சற்றே குவியம் விலக்கிப் பார்க்கையில், தெரியும் வளையங்கள் அந்தக் கோணலால் வருபவை. கோட்டந் தீர்த்த பிறகும் கோணல் வளையம் தெரியுமென்றால் வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

'மையப்படுத்தல்' சரிவராதோ?

ஆடி தேய்க்கும் நண்பர்:

வராது. இந்தக் கருவி எஃப்/5; அதாவது குவியத் தொலைவு ஆடி விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு. ஒளிக்கூம்பு அகலமானது என்பதால் துணை ஆடி குவியக் குழலிலிருந்து சற்று விலகி, முதன்மை ஆடிப் பக்கமாகச் சற்று இறங்கி அமர்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருக்கும்போதுகூட, துளை வழியே பார்த்தால் துணை ஆடியின் கரிய நிழல் நடுவில் இராது. மையப்படுத்தச் சொன்னால், சரியாக இருப்பதைத் திருகிக் கெடுத்துவிடுவார்கள். பிழைக்கு இடமும் குறைவு. எஃப்/8 ஆடியில் குறையின்றித் தெரியும் வட்டம் குவியத்தளத்தில் ஏறக்குறைய 11 மி.மீ.; எஃப்/5இல் 2.8 மி.மீ. மட்டுமே. அச்சு அதைவிட்டு விலகினால் நடுப்பார்வையிலேயே விண்மீனுக்கு வால் முளைக்கும்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் பொருத்த வேண்டியது அச்சுகளைத்தான், வட்டங்களை அல்ல. 'அச்சிணக்கம்'? ஆடிக்கும் வில்லைக்கும் பொது. வினை: அச்சிணக்கு.

சொல்லாய்வு அன்பர்:

இலக்கணம் இடம் தருகிறது. ஆனால் அச்சு என்றதும் அச்சகம்தான் நினைவுக்கு வரும்.

இயற்பியல் ஆசிரியர்:

பூமியின் அச்சு ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. எனக்குச் சம்மதம். விண்மீன் சோதனைப் பக்கத்தில் ஒரு திருத்தம். துருவ விண்மீன் நகராது என்பதற்காக அதைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அது அடிவானிலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். அத்தனை தாழ்வில் காற்றுக் கொந்தளிப்பில் வளையங்கள் கலங்கிப் போகும். தலைக்கு மேலுள்ள விண்மீனைப் பிடித்து, 5 மி.மீ. கண்ணருகு வில்லையில், அதாவது 150 மடங்கில், பிம்பத்தைச் சற்றே குவியம் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருகலுக்குப் பின்னும் விண்மீனைப் பார்வைப் புலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே மதிப்பிட வேண்டும். ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர அரை மணி நேரமாவது விட வேண்டும்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:

அச்சிணக்கத்துக்கு என் வாக்கும் உண்டு. ஆனால் 'கண்ணருகு வில்லை' என்று முடிவானதாகச் சொல்கிறீர்களே, அதற்குள் இருப்பது ஒரு வில்லையா? பிளாஸல் வகையில் நான்கு. 'பார்வைத்துண்டு' என்று நாங்கள் சொல்வது முழு உறுப்பையும் குறிக்கும்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

நியாயம்தான். ஆனால் படங்களில் எல்லாம் பெயர் பொறித்தாகிவிட்டது. முதல் வருகையிலேயே 'பார்வைத்துண்டு' என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறேன். தலைப்பு 'அச்சிணக்கம்' என்றே போகிறது.

ஆடி தேய்க்கும் நண்பர்:

போகட்டும். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. இருட்டில் ஒருவர் துளையில் கண் வைத்து, இன்னொருவர் குழலின் அடியில் திருகைப் பிடித்து நிற்கும்போது 'அச்சிணக்கு' என்று எவரும் சொல்லப்போவதில்லை. 'நூல் பிடிச்சிருச்சா' என்றுதான் கேட்பார்கள். அருஞ்சொல் பட்டியலில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். சாய்த்த ஆடியை அசையாமல் நிறுத்தும் பூட்டுத் திருகுகளைப் பற்றியும் எழுதுங்கள்: மூன்றையும் மாற்றி மாற்றி, கொஞ்சங்கொஞ்சமாக இறுக்க வேண்டும்; ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் பிடித்த அச்சு மறுபடி நழுவும். ஆடியின் கவ்விகள் வேறு; அவற்றை இறுக்கினால் கண்ணாடி நெருக்குண்டு விண்மீன் முக்கோணமாகத் தெரியும். வரைவில் இரண்டுக்கும் 'திருகு' என்றே இருக்கிறது. அதைப் பிரிக்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.