வீட்டிலேயே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்த ஆண்கள்: அனுபவம் சொல்லுங்கள்

மூங்கில்காடு:
ஆண்களோடு உறவு வைத்திருக்கும் நம்மில் பலருக்கு ஊசியைப் பற்றிக் கவலையில்லை. கவுண்டரில் நாலு பேர் முன்னால் “எதுக்கு டெஸ்ட்?” என்று கேட்பார்களே, அதுதான் பிரச்சினை. அதனால் எச்சில் கிட்டுக்கு மாறினேன். மேல் ஈறில் ஒரு இழுப்பு, கீழ் ஈறில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பிறகு குச்சியைக் குப்பியில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் பட்டையில் இளஞ்சிவப்பாக ஏதோ ஏறும். யாரும் பதற வேண்டாம், அது வெறும் திரவம், தானாக வெளுத்துவிடும். முடிவை 20 நிமிடத்துக்கு முன்னாலும் பார்க்கக் கூடாது, 40 நிமிடம் தாண்டியும் பார்க்கக் கூடாது. கிட் ஒழுங்காக வேலை செய்ததைக் காட்டுவது ‘சி’ பக்கத்துக் கோடு; அது விழவில்லையென்றால் அந்த கிட் செல்லாது. எனக்கு ‘சி’ கோடு மட்டும்தான், அதாவது நெகட்டிவ். உங்கள் கதை?

அந்திவானம்:
நான் எப்போதும் இரண்டு கிட் வைத்திருப்பேன். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால், “சேர்ந்தே பார்த்துடலாமா?” என்று கேட்டுவிடுவேன். ஒருவன் “என் மேல சந்தேகமா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். போகட்டும். இன்னொருவர் கிட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு இது வேண்டாம். நான் பாசிட்டிவ். மாத்திரை சாப்பிடுறேன், வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு ரொம்ப நாளாச்சு” என்றார். மருந்தில் இருப்பவருக்கு இந்த கிட் தப்பாக நெகட்டிவ் காட்டலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். சும்மா எடுத்துக் காட்டி என்னை ஏமாற்றியிருக்கலாம், செய்யவில்லை. வைரஸ் அந்த அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி. பரவாது. யோசித்துப் பார்த்தால், ஒற்றைக் கோட்டைக் காட்டியவர்களைவிட இவரைப் பற்றித்தான் எனக்கு உறுதியாகத் தெரியும். தொற்று வந்தால் கிட்டில் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதால், அவர்களுடைய கோடு மூன்று மாதத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்கிறது. அதனால் கிட் எடுத்த இரவிலும் ஆணுறை உண்டு.

கடைசிப்பெட்டி:
எனக்கு, தொற்று இருக்கலாம் என்று காட்டும் ‘டி’ பக்கம் கோடு விழுந்தது. ரொம்ப மங்கல். வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது கோடே இல்லை என்று மனசு வாதாடியது. மங்கலான கோடும் கோடுதான், ஆனால் அதை வைத்து மட்டும் பாசிட்டிவ் என்று முடிவுகட்டவும் கூடாது. மறுநாள் ரத்தம் கொடுத்தேன், உறுதியானது. சிகிச்சை உடனே தொடங்கியது, இப்போது நன்றாக இருக்கிறேன். கஷ்டமாக இருந்தது அந்த ஒரு ராத்திரிதான். நடுராத்திரியில், அதுவும் குடித்துவிட்டு, எடுக்காதீர்கள். மருத்துவமனை திறந்திருக்கும் நாளாகப் பார்த்துக் காலையில் எடுங்கள். கூப்பிட்டால் போனை எடுக்கும் ஒரு ஆளிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

பச்சைக்குடை:
நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்தது, இன்று கிட் வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். இன்று எடுத்தால் அது நேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அவருக்கு வேண்டியது பெப், அதாவது இப்படி ஏதாவது நடந்த பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கச் சாப்பிடும் மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனேன். கடைசிப்பெட்டி, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி.

மூங்கில்காடு:
அந்திவானம், செருப்பை மாட்டிக்கொண்டு போனவனை நினைத்துச் சிரித்துவிட்டேன். சரி, இன்னொரு சந்தேகம். பிரெப், அதாவது எச்.ஐ.வி. வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை, எடுப்பவர்கள் எச்சில் கிட்டோடு நிறுத்திக்கொள்கிறீர்களா?

அந்திவானம்:
நான் பிரெப்பில்தான் இருக்கிறேன். அந்த மாத்திரை எடுக்கும்போது தொற்று வந்தால், கிட் தேடும் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள்) தாமதமாக உருவாகலாம், எச்சில் கிட் அதைத் தவறவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் ரத்தம் கொடுக்கிறேன். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான டெஸ்ட்டும் அங்கேயே முடிந்துவிடும், அதற்கு இந்த கிட் உதவாது.