சுருங்கிய புளூபிரிண்ட்களைச் சரியான அளவில் அச்சிட உதவுங்கள்
வணக்கம். அப்பா வரைந்த கட்டட வரைபடங்களின் 11 புளூபிரிண்ட் (நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக எடுத்த நகல்) சுருள்கள் கிடைத்திருக்கின்றன. அவர் வரைந்த மூல டிரேசிங் தாள்கள் (ஒளி ஊடுருவும் தாள்கள்) இல்லை. ஸ்கேன் செய்து, 841 × 1189 மி.மீ. ஏ0 தாளில் பிளாட்டரில் (பெரிய தாள்களில் வரைபடம் அச்சிடும் கருவி) அச்சிட வேண்டும்.

சிக்கல் அளவில்தான். 1:50 வரைபடத்தில் 5 மீட்டர் சுவர் 100 மி.மீ. வர வேண்டும், 99தான் வருகிறது. நீரில் அலசி உலர்த்திய தாள் அல்லவா, சுருங்கியிருக்கிறது. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சுருக்கம் வேறுவேறு. இரண்டையும் தனித்தனியே திருத்த எந்த மென்பொருள் நல்லது?

நீலப் பின்னணியை வெள்ளையாகவும் வெள்ளைக் கோடுகளைக் கறுப்பாகவும் மாற்றினால் மெல்லிய கோடுகள் அறுந்துவிடுகின்றன. ஒரு படிக்கட்டை அப்பா அழித்துத் திருத்திய தடம்கூட மங்கலாகத் தெரிகிறது. அதை இழக்க மனமே இல்லை. வெளிச்சத்தில் நீலம் வெளிறும் என்பதால் சுருள்களை இருட்டில் வைத்திருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.