ரிட்டுக்ஸிமாபுக்குப் பிறகு பி செல் பூஜ்யம், ஐஜிஜி மட்டும் குறையவில்லையே?

தண்டையார்பேட்டை மகள்:
முடக்குவாதத்துக்காக என் தாயாருக்கு 3 மாதங்களுக்கு முன் ரிட்டுக்ஸிமாப் ஏற்றினார்கள். இப்போதைய பரிசோதனையில் பி செல் (ஒரு வகை வெள்ளை இரத்த அணு) பூஜ்யம் என்றும், ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் (கிருமிகளை எதிர்க்கும் புரதம்) இயல்பான அளவில் இருப்பதாகவும் வந்துள்ளது. எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி செல்களே என்று படித்திருக்கிறேன். அவை இல்லாதபோது ஐஜிஜி எங்கிருந்து வருகிறது? பரிசோதனையில் பிழை இருக்குமோ?

பெரம்பூர் மாணவன்:
பிழையாக இருக்க வேண்டியதில்லை, அக்கா. அம்மருந்து சிடி20 என்ற மேற்பரப்புப் புரதத்தை மட்டுமே இலக்காகக் கொள்கிறது. எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களில் அப்புரதம் இல்லை. பி செல் ஓரளவு வளர்ந்த பின் அப்புரதம் தோன்றி, பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல் வரை நீடித்து, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக அச்செல் முதிரும்போது மறைந்துவிடுகிறது. மஜ்ஜையில் ஆண்டுக்கணக்கில் வாழும் பிளாஸ்மா செல்கள் இதனால்தான் தப்பிவிடுகின்றன. ஐஜிஜி சுமார் 3 வாரங்களில் பாதியாகக் குறையும் என்பதால், சுரப்பு அடியோடு நின்றிருந்தால் 12 வாரங்களில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ஆகவே, இயல்பான அளவே அச்செல்கள் வேலை செய்வதற்குச் சான்று. மூலச் செல்களும் தப்புவதால், பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் புதிய பி செல்கள் திரும்பத் தொடங்கும்.

ராயபுரம் ஆய்வகப் பணியாளர்:
தம்பி சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். ரிட்டுக்ஸிமாப் சிடி20-இன் மேல் ஒட்டிக்கொண்டு அதை மறைத்துவிடக்கூடும் என்பதால், பி செல்களை நாங்கள் சிடி19 என்ற வேறொரு அடையாளத்தைக் கொண்டே எண்ணுகிறோம். உங்கள் அறிக்கையிலும் அப்பெயரே இருக்கும், பாருங்கள். மேலும், கை நரம்பில் எடுத்த இரத்தத்தில் பூஜ்யம் என்பதால் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் ஒன்றுமே இல்லை என்று ஆகாது.

தண்டையார்பேட்டை மகள்:
மிக்க நன்றி. அப்படியானால் பிளாஸ்மா செல்லே புற்றாக மாறும் மைலோமாவுக்கு இம்மருந்து பயன்படாதா? அம்மாவுக்கு இப்போது ஃப்ளூ தடுப்பூசி போடலாமா?

பெரம்பூர் மாணவன்:
பெரும்பாலான மைலோமாக்களில் சிடி20 இல்லாததால் அங்கே இது வழக்கமான மருந்தன்று. மைலோமா செல்களின் மேல் உள்ள சிடி38 என்ற புரதத்தைக் குறிவைக்கும் டாராடுமுமாப் போன்றவற்றைத் தருகிறார்கள். தடுப்பூசி வேறு கதை. பழைய எதிர்ப்பொருள் இருக்கும். புதியதை உண்டாக்கப் புதிய பி செல்கள் தேவைப்படுவதால், இப்போது போட்டால் பலன் குறைவாக இருக்கக்கூடும். எப்போது போடுவது என்பதை மூட்டுவாத மருத்துவரிடமே கேளுங்கள். மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் சிலருக்கு ஐஜிஜியும் இறங்கும் என்பதால், அந்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அக்கா.